குரங்கு வைரஸும் பபூன் வைரஸும் ஒண்ணா?

கேள்வி: மனுஷனுக்கு வாயோரம் கொப்புளம் வர்ற ஹெர்பிஸ் மாதிரியே குரங்குக்கும் பபூனுக்கும் (ஆப்பிரிக்காவுல இருக்கற பெரிய குரங்கு வகை) இருக்காமே, எல்லாம் ஒரே வைரஸ்தானா? எப்படி சார் பிரிச்சு சொல்றாங்க?
– வாசகி, வால்பாறை

பதில்: வேற வேறதாங்க, ஆனா அதை பிரிச்சு சொல்றதுக்குள்ள லேப்காரங்களுக்கே நாக்கு தள்ளிடுச்சு. 1932ல நியூயார்க்ல போலியோ ஆராய்ச்சியில இருந்த வில்லியம் பிரெப்னர்னு ஒரு இளம் டாக்டரை ரீசஸ் குரங்கு கடிச்சுது. குரங்குக்கு ஒண்ணும் இல்ல, அவர்தான் தண்டுவடம், மூளைன்னு பாதிச்சு கொஞ்ச நாள்லயே போயிட்டாரு. அவர் உடம்புல இருந்து ஆல்பர்ட் சேபின் (பின்னாடி போலியோ சொட்டு மருந்து கொண்டு வந்தாரே, அதே ஆள்தான்) பிரிச்செடுத்ததுதான் பி வைரஸ்.

அப்புறம் 1950கள்ல தென்னாப்பிரிக்காவுல வெர்வெட் குரங்குகிட்ட இருந்து இன்னொண்ணு கிடைச்சுது, அதுக்கு எஸ்ஏ8னு பேரு. 1980கள்ல டெக்ஸாஸ்ல ஆராய்ச்சிக்கு வளர்த்த பபூன்களுக்கு வாயிலயும் பிறப்புறுப்புலயும் புண்ணு வந்து பரவினப்போ ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கற புரதம்) டெஸ்ட்ட பாத்துட்டு இதுவும் எஸ்ஏ8தான்னு எழுதிட்டாங்க. அங்கதான் சிக்கல். ஒரே குடும்பத்து ஆளுங்க ஜாடை மாதிரி இந்த வைரஸ்களோட புரதங்கள் அவ்வளவு ஒத்துப்போகும், ஒண்ணுக்கு எதிரா உடம்புல உருவான ஆன்டிபாடி இன்னொண்ணையும் போய் பிடிச்சுக்கும், அதனால ரத்த டெஸ்ட் மட்டும் வச்சு எது எதுன்னு அடிச்சு சொல்லவே முடியாது.

ஓக்லஹோமாவுல ரிச்சர்ட் எபர்லியோட குழு வைரஸோட டிஎன்ஏவை என்சைம் போட்டு வெட்டி துண்டுகளோட அளவை ஒப்பிட்டு, ஜீன்களையும் படிச்சு பாத்தப்போதான் விஷயம் தெளிவாச்சு, பபூன்கிட்ட இருக்கறது எஸ்ஏ8 இல்ல, அதுக்கு ரொம்ப நெருங்கின தனி வைரஸ்னு 1995ல சொன்னாங்க. எச்விபி2னு பேரு வச்சாங்க. (எச்விபி1னு ஒண்ணு ஏற்கனவே இருக்கு, அது எப்ஸ்டீன்-பார்ங்கற வேற ஒரு ஹெர்பிஸ் வைரஸோட வகையறா, இதோட சேராது. பேர் வச்சவங்களை என்ன சொல்ல!) இப்போ பி வைரஸ், எஸ்ஏ8, எச்விபி2 மூணும், மனுஷனோட ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 2ம் சிம்ப்ளெக்ஸ்வைரஸ்ங்கற ஒரே பேரினத்துல இருக்கு, பேர்லயே எந்த விலங்கோடதுன்னு தெரியற மாதிரி மாத்திட்டாங்க.

இவ்வளவு மெனக்கெடறது சும்மா பட்டியல் போடறதுக்கு இல்ல. எச்விபி2, எஸ்ஏ8 ரெண்டும் மனுஷனுக்கு வந்ததா பதிவே இல்ல, பி வைரஸ் வந்து மருந்து குடுக்கலைன்னா பத்துல ஏழெட்டு பேர் பிழைக்க மாட்டாங்க. அதை லேப்ல வளர்க்கணும்னா உச்சகட்ட பாதுகாப்பு வேணும். அதனால ஜாடை ஒத்துப்போற அதே தொல்லையையே வசதியா ஆக்கிக்கிட்டாங்க, பபூன் வைரஸை வச்சே குரங்குகளுக்கு பி வைரஸ் ஆன்டிபாடி இருக்கான்னு டெஸ்ட் பண்றாங்க. எனக்கு இந்த கதையிலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

கேள்வி: அப்போ எங்க ஊரு சிங்கவால் குரங்குக்கும் இது உண்டா? கடிச்சா என்ன பண்றது?
– அதே வாசகி

பதில்: பி வைரஸ் மெக்காக்ங்கற குரங்கு இனத்தோட வைரஸ். சிங்கவாலும் மெக்காக்தான், நாட்டுக்குரங்கும் அதேதான். ரீசஸ், பன்றிவால், சிங்கவால்னு ஒவ்வொண்ணுகிட்ட இருந்து எடுத்த பி வைரஸும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருக்குன்னு 1998லயே காட்டிட்டாங்க. ஆனா பயப்படாதீங்க, 1932ல இருந்து உலகம் பூரா மனுஷங்களுக்கு வந்ததே ஐம்பது சொச்சம்தான், அதுல பெரும்பாலும் லேப்ல குரங்கோட வேலை பாத்தவங்க. கடிச்சாலோ கீறினாலோ உடனே சோப்பு போட்டு கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவுங்க, கண்ணுல எச்சில் தெறிச்சா வெறும் தண்ணியில கால் மணி நேரம். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. கடிச்சது குரங்குன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, வெறிநாய்க்கடி ஊசி கண்டிப்பா போட்டுக்கணும், வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வேணுமான்னு அவரு முடிவு பண்ணுவாரு. பிஸ்கட் நீட்டறதை மொதல்ல நிறுத்துங்க.