செடி பிடிச்ச பொண்ண கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு தள்ளாதீங்கம்மா

அம்மா, பொண்ண என்ன படிக்க வைக்கலாம்னு கேட்டு நேத்து நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசினீங்க, அதுல பாதி உங்க மச்சினர் என்ன சொன்னார், சித்தி பையன் எங்க சேர்ந்தான்னே போயிடுச்சு, பொண்ணு வாயத் திறந்தது ஒரே தடவை, சாட்டிலைட் படத்துல ஒரு காடு சுருங்கிட்டே வர்றத பார்த்தேன்னு சொல்லத்தான். உங்க பயம் புரியுது, ஆனா கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு வாங்குறதுக்கு நான் தலையாட்ட மாட்டேன். தவணை கட்டப்போறது மச்சினர் இல்ல, நீங்க.

அவ சொன்னது ஒரு துறை, ரிமோட் சென்சிங், அதாவது சாட்டிலைட் மாதிரி தூரத்துலேர்ந்து எடுத்த படத்த வெச்சு பூமிய ஆராயுறது. இலைல இருக்குற பச்சையம் சிவப்பு ஒளிய உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்ப இலை திருப்பி அனுப்பிடும், இந்த வித்தியாசத்த வெச்சுத்தான் எங்க எவ்வளவு செழிப்புன்னு கணக்கு போடுறாங்க, அந்தக் கணக்க என்டிவிஐம்பாங்க. அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட் வரிசை 1972-லேர்ந்து படம் எடுக்குது, 2008-லேர்ந்து அதெல்லாம் இலவசம், ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் வேற 10 மீட்டர் துல்லியத்துல தருது. 2000-லேர்ந்து 2017-க்குள்ள பூமியோட இலைப்பரப்பு 5 சதவீதம் கூடியிருக்குன்னு மோடிஸ்ங்கிற சாட்டிலைட் கருவியோட தரவ வெச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பச்சை காடா, பாசனத்துல விளைஞ்ச பயிரா, காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடினதால வந்ததா, இல்ல சாட்டிலைட் பழசாகி பாதை நகர்ந்து வெயில் விழுற கோணம் மாறினதால அப்படித் தெரியுதா? இத பிரிச்சு சொல்லத்தான் ஆள் வேணும், செடி மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது, கோடிங் மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது.

தாவரவியல், புவியியல், இயற்பியல், விவசாயம் எதுல டிகிரி பண்ணாலும் இதுக்குள்ள வரலாம், கூடவே புள்ளியியலும், பைத்தான்ங்கிற கோடிங் மொழியும் கத்துக்கணும், அப்புறம் முதுகலைல ரிமோட் சென்சிங். வறட்சி, காட்டுத்தீ, பயிர் காப்பீடு, காடழிப்பு, இதெல்லாத்துக்கும் இந்த வேலை தேவைப்படுது. டிகிரி முடிச்ச உடனே பெரிய சம்பளம்னு ஆசை காட்ட மாட்டேன், முதுகலை இல்லாம கஷ்டம்தான். கணக்கு சுத்தமா ஆகாதுன்னா இது வேண்டாம், ஆனா அத அவதான் சொல்லணும், சித்தி சொல்லக்கூடாது.

இப்போ ஒண்ணு பண்ணுங்க. வரைபடம், சாட்டிலைட் படமெல்லாம் பார்க்க கியூஜிஐஎஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு, ஒரே இடத்த பத்து வருஷ இடைவெளில எடுத்த ரெண்டு லேண்ட்சாட் படத்த ஒப்பிட்டு பார்க்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே மாசத்துல எடுத்ததா இருக்கணும், இல்லன்னா பருவம் மாறினத பார்த்துட்டு காடே மாறிடுச்சுன்னு நெனச்சுடுவா, மேகம் மறைச்ச படம் வேண்டவே வேண்டாம். ரெண்டு வாரம் விடாம உக்காருறாளான்னு கவனிச்சிட்டு அவளையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் லோன் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, சீட்டுக்கு அட்வான்ஸும் கட்டாதீங்க.