ஒரே ஹால்ல நம்பர் மாறி மாறி காட்டுதே, எத நம்புறது?

கேள்வி: மொட்டை மாடில சிக்னல் சூப்பர், கீழ ஹால்ல கால் கட்டாகுது. நெட்வொர்க் ஆப்ல பாத்தா ஒரே எடத்துல ஒரு தடவ மைனஸ் 98, இன்னொரு தடவ மைனஸ் 109. போன் கெட்டுப்போச்சா?

பதில்: போன் நல்லாத்தாங்க இருக்கு. ஆப்ல ஆர்எஸ்ஆர்பின்னு வர்ற அந்த நம்பர், டவர்லேந்து வர்ற சிக்னலோட பவர், டிபிஎம்ங்கிற மடங்கு அளவுல சொல்றது, 3 கொறஞ்சா பவர் பாதி, 10 கொறஞ்சா பத்துல ஒண்ணு. அப்போ உங்க 98க்கும் 109க்கும் நடுவுல பன்னெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். போன் மேல காட்டுற சிக்னல் கட்டத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, எத்தன டிபிஎம்முக்கு எத்தன கட்டம்னு ஒவ்வொரு போன் கம்பெனியும் அதோட இஷ்டத்துக்கு வெச்சிருக்கு.

ஏன் இப்படி ஆடுதுன்னா, டவர்லேந்து அலை நேரா வர்றது அபூர்வம், எதிர்வீட்டு செவுரு, தண்ணி டேங்க், ஜன்னல் கிரில்னு பட்டு பட்டு பல வழியா வந்து உங்க போன்ல ஒண்ணு சேருது, சில எடத்துல கூடுது, சில எடத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சிடுது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைல அலைநீளம் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர், பாதி அலைநீளத்துக்கு ஒரு தடவ சிக்னல்ல பள்ளம் வரலாம், அதாவது போன நாலு வெரல் அகலம் நகத்துனாலே கதை மாறும்!

அதனால ஒரு எடத்துல நின்னு பாத்த நம்பர நம்பவே நம்பாதீங்க. ஜப்பான் ரேடியோ ஆராய்ச்சியாளர் ஒகுமுரா டோக்கியோல வண்டில அளவுக்கருவிய வெச்சு தெருத்தெருவா ஓட்டி, ஓடிக்கிட்டே அளந்து, நடு மதிப்ப எடுத்துத்தான் 1968ல சிக்னல் தூரத்துக்கு ஏத்த மாதிரி எப்படி கொறையுதுன்னு காட்டுற வளைகோடுகள வெளியிட்டாரு, 1980ல ஹாட்டாங்கிற இன்னொரு ஜப்பான்காரரு அதையே ஃபார்முலாவா மாத்துனாரு. நீங்களும் அதே வழிய பிடிங்க. போன நெஞ்சு உயரத்துல ஒரே மாதிரி பிடிச்சு, ஹால்ல மெதுவா ஒரு ஏழு மீட்டர் நடங்க, 1800ல அது நாப்பது அலைநீளம், எடம் பத்தலன்னா திரும்பி நடங்க ஆனா முன்னாடி நடந்த தடத்துல இல்லாம வேற தடத்துல. நடக்க நடக்க நம்பர எழுதி, வரிசைப்படுத்தி நடு நம்பர எடுங்க. ஒடம்பும் சிக்னல மறைக்கும், அதனால எல்லா பக்கமும் திரும்பி நடக்கணும். மாடிலயும் இதே மாதிரி.

இதுல நெறைய பேர் கோட்ட விடுறது ஒண்ணு இருக்கு: ரெண்டு எடத்துலயும் ஆப்ல செல் ஐடியும் (எந்த டவர் செல்லுன்னு சொல்ற நம்பர்) பேண்டும் (அலைவரிசை) ஒண்ணுதானான்னு பாருங்க, கீழ போனதும் போன் 850, 900 மெகாஹெர்ட்ஸுக்கு தாவிருக்கலாம், அப்ப நீங்க ஒப்பிடுறது ரெண்டு வேற விஷயம்.

மாடிக்கும் ஹாலுக்கும் 20 டிபிக்கு (ரெண்டு டிபிஎம் நம்பருக்கு நடுவுல உள்ள வித்தியாசத்த டிபின்னு சொல்வாங்க) மேல வித்தியாசம்னா பெரும்பாலும் கான்கிரீட்டுதான் காரணம், வீட்டு வைஃபை வழியா கால் போற வைஃபை காலிங் போட்டுக்கங்க. லைசன்ஸ் இல்லாத பூஸ்டர் வாங்கிடாதீங்க, நம்ம நாட்டுல அது சட்டப்படி தப்பு, பக்கத்து வீட்டுக்காரங்க சிக்னலையும் கெடுக்கும். மாடிலயே நடு நம்பர் மைனஸ் 110க்கு கீழ போனா, அளந்த நம்பர், தேதி, செல் ஐடி எல்லாத்தையும் எழுதி ஆபரேட்டருக்கு புகார் குடுங்க.