ஆஷ்விட்ஸுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 24 பேரை மார்ச் மாதம் போலந்துக்குக் கூட்டிப் போகிறோம். கிராக்கோவ் நகரில் இரண்டு நாள் தங்கல். ஹிட்லரின் நாஜிகள் நடத்திய கொலைமுகாமான, இன்று நினைவகமாக இருக்கும் ஆஷ்விட்ஸுக்கு அரை நாள் போதுமா? பிள்ளைகளை எப்படித் தயார்ப்படுத்துவது? – வரலாற்று ஆசிரியர் ஒருவர்

பதில்: அரை நாள் போதாது. ஆஷ்விட்ஸையும் வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் ஒரே நாளில் சேர்த்து விற்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கிராக்கோவிலிருந்து பேருந்தில் போக மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நினைவகத்தின் வழக்கமான சுற்றுக்கு மூன்றரை மணி நேரம். பள்ளிக் குழுவுக்கு ஆறு மணி நேர ஆய்வுச் சுற்றுதான் சரி. குறுகிய சுற்றில் அடிபடுவது பிர்கெனாவ் என்ற இரண்டாம் முகாம். முதல் முகாமின் நெரிசலில் ஊர்ந்து களைத்த பிள்ளைகள், மூன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிர்கெனாவில் வாசலைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான கொலைகள் நடந்தது அங்கேதான்.

நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் கட்டணம். குழுவாகப் போனால் வழிகாட்டி கட்டாயம். நினைவகத்தின் சொந்த இணையதளத்தில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஆங்கிலச் சுற்றுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அனுமதிச் சீட்டிலுள்ள பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள் என்பதால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்தால் வாசலில் சிக்கல். ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய கைப்பைக்குத்தான் அனுமதி, முதுகுப்பைகளைப் பேருந்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பாதுகாப்புச் சோதனைக்காக அரை மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும்.

பிர்கெனாவ் சுமார் 170 ஹெக்டேர் திறந்தவெளி. மார்ச்சில் குளிர்காற்றும் சேறும் நிச்சயம். கான்வாஸ் ஷூ அரை மணியில் நனைந்துவிடும். கால் ஜில்லிட்ட பிள்ளைக்கு எந்த விளக்கமும் காதில் ஏறாது. முகாமுக்குள் சாப்பிட முடியாது. இரண்டு முகாம்களுக்கும் நடுவில் சாப்பாட்டுக்கு இடைவெளி விடுங்கள்.

இனி வகுப்பறை. பிணக்குவியல் படங்களோடு தொடங்காதீர்கள். கொல்லப்பட்டவர்கள் போருக்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே முதல் பாடம். அதற்குத்தான் முதல் நாளைக் கிராக்கோவுக்கு ஒதுக்கச் சொல்கிறோம்: காலையில் காசிமியெஷ் பகுதியின் யூத ஜெபக்கூடங்கள், பிறகு ஆற்றைத் தாண்டிப் போட்கூஷே. 1941 மார்ச்சில் நாஜிகள் யூதர்களை அடைத்த கெட்டோ என்னும் தனிக் குடியிருப்பு இருந்த இடம் அது. 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அதைக் காலி செய்தார்கள். அங்குள்ள சதுக்கத்தில் வெறும் நாற்காலிகளே நினைவுச்சின்னம். அதன் ஓரத்திலேயே, கெட்டோவுக்குள் இயங்கிய மருந்துக்கடை சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது.

எண்ணிக்கைகளையும் தெளிவாக்கிவிடுங்கள். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம், கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். போலந்துக்காரர்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகளும் உண்டு. கையில் எண் குத்தப்பட்டது எல்லோருக்கும் அல்ல. சுமார் 4 லட்சம் பேரே கைதிகளாகப் பதிவானார்கள். ரயிலிலிருந்து இறக்கி நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணும் இல்லை, முகாம் பதிவேட்டில் பெயரும் இல்லை.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது. முதல் முகாமின் எரியூட்டுக் கூடத்தில் புகைபோக்கியும் உலைகளும் போருக்குப் பின் மீண்டும் அமைக்கப்பட்டவை. நினைவகம் இதை மறைப்பதில்லை. ஆனால் படுகொலையே நடக்கவில்லை என்று இணையத்தில் கதைகட்டுபவர்களுக்கு இது பிடித்தமான துருப்புச் சீட்டு. மாணவர்கள் முதலில் உங்களிடமிருந்து கேட்டுக்கொள்ளட்டும். பிர்கெனாவில் பார்க்கும் இடிபாடுகளோ அசல். இரண்டாம், மூன்றாம் எரியூட்டுக் கூடங்களை 1945 ஜனவரி 20 அன்று தடயம் அழிக்க, முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்எஸ் படையினரே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏழு நாள் கழித்துத்தான் சோவியத் படை வந்து சேர்ந்தது.

நான்காம் கட்டடத்தில் பெண்களிடமிருந்து வெட்டியெடுத்த தலைமுடி குவிந்திருக்கிறது. மனம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். இப்படி ஓர் அறை வரும், வேண்டாமென்றால் வெளியே நிற்கலாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். ஓர் ஆசிரியர் எப்போதும் கடைசியில் வரட்டும். அந்த அறையிலும் பதினொன்றாம் கட்டட நிலவறையிலும் படமெடுக்கக் கூடாது, மற்ற இடங்களில் ஃபிளாஷ் கூடாது. யாராவது சிரித்தால் உடனே திட்டாதீர்கள், பல நேரம் அது பதற்றச் சிரிப்பு. 27ஆம் கட்டடத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை அச்சிட்ட மாபெரும் புத்தகம் இருக்கிறது. மாணவர்கள் தாங்களே பக்கம் புரட்டித் தேட அங்கே நேரம் வேண்டுமென்று வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

‘கைதிகளைப் போல நில்லுங்கள்’ என்கிற மாதிரி நடிப்புப் பயிற்சிகள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். திரும்பும் பேருந்தில் கலந்துரையாடலும் வேண்டாம், தூங்கட்டும். இரவு உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் எழுதட்டும், பிறகு விரும்புகிறவர்கள் மட்டும் பேசட்டும். அழாத பிள்ளைக்கு இரக்கமில்லை என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். சிலருக்கு அது ஊர் திரும்பிய பிறகே உறைக்கும். அடுத்த வாரமும் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்கி வையுங்கள்.