நீலகிரி நெட்டைக்காலி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நெட்டைக்காலிப் பறவை நிறைய ஓடுகிறது. நீலகிரி நெட்டைக்காலி குறைந்துவிட்டது என்கிறீர்களே?

நீங்கள் பார்ப்பது வயல் நெட்டைக்காலியாக இருக்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கு மார்பிலும் விலாவிலும் கோடுகள் அழுத்தமாக இருக்கும். அது மலை உச்சிப் புல்வெளிக்காரன், தேயிலைக்குள் வராது.

கேள்வி: செல்போன் கோபுரம்தானே காரணம்?

இல்லை.

கேள்வி: சரி, எதனால்தான் குறைகிறது?

வீடு போய்விட்டது. புல்லுக்குள் தரையில் கூடு கட்டி, புல்லிலேயே பூச்சி பொறுக்கும் பறவை. அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரர்கள் வெறும் தரிசு என்று நினைத்தார்கள். விறகுக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்தார்கள், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில் மரம்) வந்தது. விடுதலைக்குப் பிறகு நம் ஆட்களும் நிறுத்தவில்லை. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது: நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணோம். முக்குருத்தி, இரவிக்குளம் தேசியப் பூங்காக்கள் மாதிரி சில இடங்களில்தான் பரந்த புல்வெளி மிஞ்சியிருக்கிறது. மற்றவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தோட்டம் போட்ட இடத்தோடு சீகை நிற்பதும் இல்லை, தானாகவே பரவுகிறது.

கேள்வி: 5ஜி வந்த பிறகு?

மேலே பார்க்கவும்.

கேள்வி: கல்லூரி சார்பில் அவலாஞ்சிப் புல்வெளியில் ஆயிரம் மரக்கன்று நடப்போகிறோம். எந்த மரம் நல்லது?

எதுவும் வேண்டாம். புல்வெளியில் மரம் நடாதீர்கள்.

கேள்வி: சீகையை எல்லாம் வெட்டிவிட்டால் தீர்ந்ததே?

இன்னொருவர்: வெட்டாதீர்கள். கொடைக்கானலில் சீகை நிழலில்தான் சோலை என்கிற இயற்கை மலைக்காட்டின் கன்றுகள் முளைக்கின்றன.

இரண்டு பேரும் பாதி சரி. சோலைக் கன்று முளைப்பது உண்மை, சோலைப் பறவைகளுக்கு அது லாபம்தான். ஆனால் நெட்டைக்காலிக்குச் சீகைக் காடும் சோலையும் ஒன்றுதான், இரண்டிலும் அது வாழாது.

முதலாமவர்: அப்போ வெட்டலாம்?

ஒரே நாளில் மொட்டையடித்தால் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் சீகை விதைகள் வெயில் கண்டதும் கிளம்பும். வருடா வருடம் போய் நாற்றைப் பிடுங்க ஆள் இருக்கிறதா? இருந்தால் வெட்டுங்கள். என்னைக் கேட்டால், முதிர்ந்த சீகைக் காட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு, புல்வெளி ஓரத்தில் இப்போதுதான் தலைகாட்டும் கன்றுகளிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே புல் இன்னும் சாகவில்லை, செலவும் குறைவு.

கேள்வி: கோபுரம் இல்லை என்கிறீர்கள். ஆதாரம்?

கோபுரமே எட்டாத மேடுகளிலும் சீகை ஏறிய இடத்தில் பறவை இல்லை. இனி கோபுரக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி (அதே கல்லூரி): சோலை மரமாகவே நட்டால்?

தம்பி, புல்வெளியில் மரம் நடாதீர்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு சீகை நாற்று பிடுங்க வாருங்கள், வனத்துறை அனுமதியோடு.