புரையை மட்டும் எடுத்தால் போதாதா, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கத் தொடங்கினார். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இப்போது பஸ் போர்டு தெரியவில்லை என்கிறார். கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பவர் மாற்றியும் சரியாகவில்லை. கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சொட்டு விட்டு உட்கார வைத்து, நீல விளக்கு காட்டி, ஸ்கேன் எடுத்து, ஒரு பெட்டிக்குள் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொல்லி, அரை நாள் ஆகிவிட்டது. புரை இருக்கிறது, கண் பிரஷரும் இருக்கிறது, சர்க்கரையால் விழித்திரையிலும் கொஞ்சம் பாதிப்பு என்கிறார்கள். பிரஷருக்கு இரவில் ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க விட வேண்டுமாம். மூன்று வாரம் விட்டும் பார்வை தெளியவில்லை என்று அப்பா நிறுத்திவிட்டார். இத்தனை டெஸ்ட் தேவைதானா? புரையை மட்டும் எடுத்து லென்ஸ் வைத்துவிட்டால் போதாதா?

ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தச் சொட்டு மருந்தை இன்றிரவே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு, கண்ணில் கடும் சிவப்பு என்று ஏதாவது வந்து நிறுத்தியிருந்தால் மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். பார்வை தெளியவில்லை என்பதற்காக நிறுத்தியிருந்தால், அது தெளிய வைக்கும் மருந்தே இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இருக்கிற பார்வை போகாமல் காப்பதுதான் அதன் வேலை. விட்டாலும் வித்தியாசம் தெரியாது, நிறுத்தினாலும் தெரியாது. பிரஷர் நோயின் பெரிய தொல்லையே இதுதான்.

அப்பாவின் கண்ணில் மூன்று கோளாறுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. புரை என்பது கண் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் கலங்குவது. பிரஷர் நோய், அதாவது கிளாக்கோமா, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தேய்க்கிறது. சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இந்த மூன்றில் புரை மட்டும் காத்திருக்கும். ஆறு மாதம் தள்ளி எடுத்தாலும் பெரும்பாலும் அதே பார்வை திரும்பக் கிடைக்கும். நரம்பில் போனது திரும்பாது. விழித்திரையில் போனதில் கொஞ்சம்தான் திரும்பும். ஆனால் தொந்தரவு கொடுப்பது புரை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் புரைமேல்தான் கண்.

கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பார்வை திரும்பியதல்ல. லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் புரையாகும்போது அதன் சக்தி கூடி, கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறும். கிட்டே தெளியும், தூரம் மங்கும். சர்க்கரை ஏறி இறங்கும்போதும் லென்ஸில் நீர் கோத்துப் பவர் இப்படி மாறும். கடையில் இரண்டு முறை மாற்றிய கண்ணாடி ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கண்ணாடிக் கடையில் பவர் சரியாகவே பார்த்திருப்பார்கள். கண்ணுக்குள் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு முறை பவர் மாறினால் அடுத்த கண்ணாடி வாங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

சரி, அந்த அரை நாளில் என்ன நடந்தது?

6 மீட்டர் தூரத்து எழுத்துப் பலகையில் தொடங்கியிருப்பார்கள். ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1862-இல் கொடுத்த முறை அது, இன்றும் அதுதான் முதல் படி. 6/60 என்று சீட்டில் எழுதியிருந்தால், நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டரில் வந்துதான் படிக்கிறார் என்று பொருள். அப்புறம் குண்டூசித் துளை அளவு ஓட்டை வழியாக அதே பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பலரும் விளையாட்டு என்று நினைக்கும் சோதனை இது. துளை வழியாகத் தெளிந்தால் பெரும்பாலும் பவர் கோளாறு. தெளியாவிட்டால் கோளாறு கண்ணுக்குள்.

நீல விளக்கு, பிரஷர் பார்க்க. கண்ணை மரக்கச் செய்து, ஆரஞ்சு நிறச் சாயத்தை இட்டு, ஒரு சிறு கண்ணாடி முனையால் கருவிழியை லேசாகத் தொட்டு அளப்பார்கள். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை வழக்கமான அளவு. இந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. 18 இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு, 24 இருந்தும் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. கருவிழி தடிமனாக இருந்தால் அளவு கூடிக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். ஒரே கண்ணில் காலையும் மாலையும் வேறு வேறு அளவு வரும். அதனால்தான் கருவிழித் தடிமனையும் அளக்கிறார்கள், மறுபடி வரச் சொல்லியும் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிபி நார்மல் என்றால் கண் பிரஷரும் நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கோணம் பார்ப்பது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. குழாய் எப்போதும் திறந்திருக்கும் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் கருவிழியும் கண்ணின் நிறப்படலமும் சேரும் ஓரத்தில் இருக்கிறது, அந்த ஓரத்தைத்தான் கோணம் என்கிறோம். சிலருக்கு அந்த வழி திறந்தே இருக்கும், ஆனால் சல்லடை அடைத்ததுபோல் நீர் மெதுவாக வடியும். வேறு சிலருக்கு வழியே குறுகிப்போய் இருக்கும், நம் ஊரில் இவர்கள் நிறையவே உண்டு. கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கண்ணின்மேல் வைத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். குறுகிய கோணத்தில் அந்தச் சொட்டே வழியை முழுக்க அடைத்துவிடலாம்.

வயதாக ஆக லென்ஸ் பருக்கும், புரை வந்தால் இன்னும் பருக்கும். அது முன்னால் தள்ளிக் கோணத்தை நெருக்குகிறது. அப்பாவுக்குக் குறுகிய கோணம் என்றால், புரையை எடுத்து மெல்லிய லென்ஸ் வைப்பதாலேயே இடம் கிடைத்துப் பிரஷர் நன்றாக இறங்கலாம். சிலருக்குச் சொட்டு குறையும், சிலருக்குத் தேவையே இருக்காது. அதாவது, “புரையை மட்டும் எடுத்தால் போதாதா” என்பது சிலர் விஷயத்தில் நியாயமான கேள்விதான். கோணம் திறந்த வகை என்றால் அந்த ஆதாயம் கொஞ்சமே, சொட்டு தொடர வேண்டியிருக்கும். எந்த வகை என்று அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கண் பாப்பாவை விரித்தது விழித்திரையையும் நரம்பின் முகப்பையும் பார்ப்பதற்கு. சொட்டு வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும், காத்திருந்த நேரத்தில் பாதி அதுதான். ஓ.சி.டி ஸ்கேன் வெறும் ஒளியால் எடுப்பது, கதிர்வீச்சு கிடையாது. விழித்திரையின் அடுக்குகளை மைக்ரான் கணக்கில் அளந்து, நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா, நரம்பிழைகள் மெலிந்திருக்கின்றனவா என்று காட்டும்.

பொத்தான் அழுத்தும் சோதனையைப் பற்றி அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அதில் காட்டும் ஒளிப் புள்ளிகளில் ஏறக்குறைய பாதி, நல்ல கண்ணுக்கும் தெரியாத அளவுக்கு மங்கலாகவே வரும். இயந்திரம் அப்படித்தான் தேடுகிறது. எல்லாம் தெரியவில்லையே என்று பலர் பயந்து, தெரியாததற்கும் அழுத்தி அறிக்கையைக் கெடுத்துவிடுவார்கள். முதல் முறை எடுத்தது சரியாக வராது என்பது எங்களுக்குப் பழக்கம்தான். புரை இருக்கும்போது ஸ்கேனும் இந்தச் சோதனையும் கொஞ்சம் மங்கலாகவே வரும், ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப எடுக்கச் சொன்னால் அதிசயப்பட வேண்டாம்.

எனவே இத்தனை டெஸ்டும் தேவைதான். புரை ஒன்றை எடுத்து, நரம்பும் விழித்திரையும் பார்க்காமல் விட்டிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு “லென்ஸ் வைத்தும் தெரியவில்லை, டாக்டர் கெடுத்துவிட்டார்” என்று வந்திருப்பீர்கள்.

வைத்தியத்தில் எது முதலில்? என் யோசனை, விழித்திரை. நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் புரையைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷனுக்குப் பின் வீக்கம் கூடலாம். அதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள், பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று மருந்துகள் இருக்கின்றன. கேட்கத்தான் பயம், மரத்துப்போன கண்ணில் சில நொடி வேலை. ஆனால் ஒன்றோடு முடியாது, தொடக்கத்தில் மாதம் ஒன்று என்ற கணக்கில் போகும். புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் லேசர். வெறும் ஆரம்பப் புள்ளிகள் மட்டும் என்றால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்திக் கவனித்து வந்தால் போதும். “கொஞ்சம் பாதிப்பு” என்று உங்களிடம் சொன்னது இதுவாக இருக்க வாய்ப்புண்டு.

பிரஷருக்கு இரவில் ஒரு சொட்டு என்றால் லேட்டனோபிராஸ்ட் வகையாக இருக்கும். கண் சிவக்கலாம், இமை முடி நீளும், இமையைச் சுற்றிக் கொஞ்சம் கறுக்கும். டிமோலால் கொடுத்திருந்தால் ஆஸ்துமாவோ இதயத் துடிப்புக் குறைவோ இருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணில் விட்டாலும் அது உடம்பெல்லாம் போகும். விடும் முறையும் முக்கியம்: கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. கன்னத்தில் வழியும் அளவுக்கு விடுவது மருந்துக்கும் காசுக்கும் கேடு. சொட்டு போதாதவர்களுக்கு லேசர் உண்டு, அதுவும் போதாவிட்டால் நீர் வடிய வேறு வழி செய்யும் ஆபரேஷன்.

இடையில் ஒரு கேள்வி. கண் சிவந்தபோதெல்லாம், மெட்ராஸ் ஐ வந்தபோதெல்லாம், மருந்துக் கடையில் தானாக வாங்கி விடும் சொட்டு ஏதாவது அப்பாவிடம் இருக்கிறதா? அதில் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தால், மாதக்கணக்கில் விட்டதில் பிரஷரும் ஏறும், புரையும் வரும். இரண்டும் சேர்ந்து இருப்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கிருமித் தொற்றுக்கு வழி அது.

புரை ஆபரேஷனைப் பொறுத்தவரை “முத்தட்டும்” என்று காத்திருந்த காலம் போய்விட்டது. முத்திய புரை இறுகிப்போய் எடுப்பதற்குச் சிரமம். அன்றாட வேலை தடைபடுகிறதா என்பதுதான் அளவுகோல், பஸ் போர்டு தெரியாதது போதுமான காரணம். மூன்று மி.மீ.க்கும் குறைவான வெட்டில் ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை உள்ளே வைப்பார்கள். முத்திய புரைக்குக் கொஞ்சம் பெரிய வெட்டு, அதற்கும் பெரும்பாலும் தையல் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கண்ணில் வைப்பதா என்று அப்பா தயங்கினால் சொல்லுங்கள்: லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949-இல் முதல் லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடித் துணுக்குகளைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனை அது.

எந்த லென்ஸ் என்று கேட்பார்கள். தூரமும் கிட்டவும் தெரியும் மல்ட்டிஃபோக்கல் லென்ஸ், விலை கூடினது, உங்கள் அப்பாவுக்கு வேண்டாம் என்பேன். அது வரும் ஒளியைப் பங்கு போடுகிறது, நரம்பும் விழித்திரையும் பாதித்த கண்ணில் மங்கல் இன்னும் கூடும். சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸ் போட்டுப் படிக்கக் கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஆபரேஷனுக்கு முன் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் கண்ணின் நிறப்படலம் தளர்ந்து ஆபரேஷனில் படபடக்கும். முன்கூட்டித் தெரிந்தால் சமாளிப்போம். சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, கண்ணுக்கும் அதற்கும் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள்.

இடையில் எப்போதாவது கண் சிவந்து கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று வந்தால் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை தேடாமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கறுப்புப் புள்ளிகள் திடீரெனக் கொட்டினாலும், மின்னல் அடித்தாலும், ஒரு பக்கம் திரை இறங்கினதுபோல் மறைத்தாலும் அப்படியே.

அடுத்த முறை போகும்போது விட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சொட்டு பாட்டில்களையும், பழைய கண்ணாடிச் சீட்டுகளையும், மூன்று மாதச் சர்க்கரை சராசரி அறிக்கையையும் எடுத்துப் போங்கள். மூன்று வாரத்தில் நிறுத்தியதையும் மறைக்க வேண்டாம். தெரியாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொன்றைச் சேர்த்துவிடுவார். பெற்றோருக்குக் கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல், அப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கும் சொல்லுங்கள். உங்களுக்கு 40 வயது ஆகியிருந்தால் அன்றே உங்கள் கண்ணையும் காட்டிவிடலாம். இரண்டு பேருக்கும் சொட்டு விட்டால் நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், பைக் ஓட்ட முடியாது. பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.