ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி?

'மறக்க முடியாத நாள் என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பே ஒரே கதையை எழுதுகிறது, என்ன செய்வது?' என்று கேட்டிருக்கிறீர்கள். பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஒரே கதை கன்னியாகுமரிச் சுற்றுலாவாகத்தான் இருக்கும். விடியற்காலையில் வேன் புறப்படும், சூரிய உதயம் பார்ப்பார்கள், விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவார்கள், மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் கடலையே பார்த்திருக்க மாட்டார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 11 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். ஆரம்பத்தில் நானும் பிள்ளைகளைத்தான் கோபித்துக்கொண்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரைக்கே பழக்கிவிட்டுத் திடீரென்று கதை எழுது என்றால், கைடில் இருக்கும் சுற்றுலாக் கட்டுரையில் 'நான்' என்பதைச் சேர்த்து நீட்டுகிறார்கள். தங்கள் வீட்டில் நடப்பது எதுவும் எழுதத் தகுந்ததே இல்லை என்று நம்புகிறார்கள். எனக்கு வலித்தது அதுதான்.

எனக்குக் கைகொடுத்தது பழந்தமிழ்க் காதல் பாடல்களுக்கான அகப்பொருள் இலக்கணம். முதல், கரு, உரி என்று நாம் படித்தோமே, அதே வரிசை. முதலில் நிலமும் பொழுதும்: எந்த இடம், எந்த நேரம்? பிறகு கருப்பொருள்: அங்கே என்ன கிடந்தது, என்ன வாடை அடித்தது, யார் என்ன வேலையாக இருந்தார்கள்? கடைசியில்தான் உரிப்பொருள், அதாவது அங்கே எழுந்த உணர்வு. அதிலும் 'சோகம்', 'மகிழ்ச்சி' என்ற சொற்களை எழுதக் கூடாது, அந்த நேரத்தில் கையும் காலும் என்ன செய்தன என்று எழுத வேண்டும் என்பேன். ஏழாம் வகுப்புக்கு அகப்பொருளா என்று தமிழ் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். ஐந்திணையை நான் ஒப்பிக்கச் சொல்லவில்லை. கலைச்சொல் ஒன்றைக்கூடக் கரும்பலகையில் எழுதியதில்லை. காலை, நண்பகல், எற்பாடு (பொழுது சாயும் நேரம்), மாலை, யாமம் (நள்ளிரவு), வைகறை (விடியலுக்கு முந்திய நேரம்) என்ற ஆறு சிறுபொழுதுகளை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் முழுவதையும் எழுதாதே, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள் என்றேன்.

சுற்றுலாக் கதை எழுதிய ஒரு பெண் 'நண்பகல், எங்கள் வீட்டுத் திண்ணை' என்று மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே என்னம்மா இருந்தது என்று கேட்டேன். நனைந்த சாக்கு, தூக்குவாளி, அம்மாவின் கையில் மருந்து வாடை என்றாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைப் பெட்டியில் அடைக்கிறவர். பெட்டிக் கணக்குக்குத்தான் கூலி. மழை பிடித்துக்கொண்டால் மருந்தில் தோய்த்த குச்சி காயாது, வேலை நின்றுவிடும். அன்று பாதி நாளிலேயே அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கும் மழை விடுமுறை. நண்பகலில் அம்மாவை வீட்டில் பார்ப்பது அந்தப் பிள்ளைக்கு அதிசயமாக இருந்திருக்கிறது. பிறகு என்று கேட்டேன். அம்மா தூக்குவாளியைத் திறந்து, தான் தொடாத சோற்றை எனக்குப் போட்டாள் என்றாள். பிறகு? சனிக்கிழமைச் சம்பளத்தை விரல் விட்டு எண்ணினாள். அவள் நோட்டில் இப்படி எழுதியிருந்தது: 'மழை நிற்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். நிற்கக் கூடாது என்று நான் நினைத்தேன்.' இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. 'பிறகு?' என்று கேட்டதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

முதல் படியில், அதாவது பிள்ளை முதலில் எழுதும் வரைவில், சிவப்பு மையை நான் தொடுவதில்லை. பிழை திருத்தாதவர் தமிழாசிரியரா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ரகர றகரத்தை இரண்டாம் படியில் ஒன்று விடாமல் திருத்துகிறேன். முதல் படியிலேயே வட்டம் போட்டால், எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை மறுபடியும் கன்னியாகுமரிக்கே போய்விடும். அந்தப் பெண் 'நசநசவென்று மழை பெய்தது' என்று எழுதியிருந்தாள். 'இடைவிடாது' என்று மாற்றச் சொல்லுங்கள் என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். நான் மாற்றவில்லை. நசநசவென்று பெய்கிற மழை வேறு, இடைவிடாது பெய்கிற மழை வேறு.

ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் படி எழுதப்படவே இல்லை. மறுநாள் என் பாடவேளையைக் கணக்குத் திருப்புதலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. தேர்வு நெருங்கினால் தமிழ்ப் பாடவேளைதான் முதலில் பறிபோகிறது. தமிழ்தானே, வீட்டில் பேசுவதுதானே என்கிறார்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு நேரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை ஏன் எப்போதும் தமிழிலிருந்தே எடுக்க வேண்டும்? இரண்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்தபோது, அந்தப் பெண் 'பிறகு என்ன டீச்சர், மழை நின்றுவிட்டது' என்று சொல்லி நோட்டை மூடிவிட்டாள்.

ஆகவே தலைப்பைத் தேடும் முன்பு, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவதில் பேசவிட்டு, முதல் படியை எழுதவிடுங்கள். இரண்டாவதில் திருத்தி எழுதவையுங்கள். நடுவில் ஒரு நாள்கூட விடாதீர்கள்.