உட்கார்ந்தால் சத்தம் கூடுகிறது

அன்புள்ள சார்,

மும்பை முலுண்டில் குடியிருக்கிறேன். சில மாதங்களாகக் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறேன். அமைதி வரவில்லை. வீட்டுக்கடன் தவணை, மேனேஜர் சொன்ன வார்த்தை, ஊரில் அப்பாவின் உடம்பு என்று முன்பைவிட அதிகமாக எண்ணங்கள் வருகின்றன. எனக்கு இது வராதோ? தீபாவளிக்குச் சேர்த்து வைத்த லீவில் இகத்புரி விபாசனா தியான மையத்துக்குப் போய்ப் பத்து நாள் உட்கார்ந்தால் சரியாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணங்கள் புதிதாகக் கூடவில்லை. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போதும் ஆபீஸிலும் ஓடிக்கொண்டிருந்தவைதான். மின்விசிறியை நிறுத்தியதும் பக்கத்து வீட்டு டிவி கேட்குமே, அதுபோல இப்போது உங்களுக்குக் கேட்கின்றன.

மூச்சைக் கவனிக்க உட்கார்ந்த மனம் தவணைக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, ‘அட, எங்கேயோ போய்விட்டோமே’ என்று தெரிகிறது. அந்தக் கணத்தைத்தான் நீங்கள் தோல்வி என்று எண்ணுகிறீர்கள். என்னைக் கேட்டால், பயிற்சி நடப்பதே அந்தக் கணத்தில்தான். அப்போது உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். திட்டுவதும் ஓர் எண்ணம்தான், அதன் பின்னால் பத்து வரும். பேசாமல் மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

இகத்புரி நல்ல இடம். பர்மாவில் பிறந்த விபாசனா ஆசிரியர் கோயங்கா 1969இல் இந்தியா வந்து, முதல் முகாமை மும்பையில்தான் நடத்தினார். இகத்புரி மையம் 1976இல் வந்தது. கட்டணம் கிடையாது. விடிகாலை நாலு மணிக்கு எழுப்புவார்கள். தினமும் சுமார் பத்து மணி நேரம் தியானம். பேச்சு, போன், புத்தகம் எதுவும் கூடாது. முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சு வந்துபோவதைக் கவனிப்பது மட்டும்தான்; உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா நான்காம் நாள்தான் தொடங்கும். மூன்று முழு நாளை மூச்சுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளதுதானே? மனநலத்துக்கு மருந்து எடுப்பவரானால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், விண்ணப்பத்திலும் மறைக்காதீர்கள்.

ஆனால் முகாம் முடிந்து கல்யாண் ஸ்டேஷனில் இறங்கினால் அதே கூட்டம், அதே மேனேஜர். மும்பையிலேயே வாழ்ந்த ஞானி நிசர்கதத்த மகாராஜை நினைத்துக்கொள்ளுங்கள். பீடிக்கடை வைத்திருந்த குடும்பஸ்தர். ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்விலேயே நில் என்று குரு சொன்னதைக் கடை, வீடு, பிள்ளைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டவர். இடையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர், திரும்பி வந்துவிட்டார். பிற்காலத்தில் கேத்வாடிச் சந்து வீட்டின் சின்ன மாடி அறையில்தான் தேடி வந்தவர்களோடு பேசினார்.

அதனால் காலை இருபது நிமிடத்தை விடாதீர்கள். அதோடு, மேனேஜர் பேசும்போது உடம்பையும் பாருங்கள். தாடை இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா? கோபம் வார்த்தையாகும் முன்பே அங்கே தெரிந்துவிடும். ஒரு மூச்சு விட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள். சில நாள் தவறிப்போகும், பரவாயில்லை.

அப்பாவைப் பற்றிய கவலை மட்டும் வேறு. அதை ஓர் எண்ணம் என்று பார்த்து விட்டுவிட முயலாதீர்கள். காலையில் அது திரும்பத் திரும்ப வந்தால், எழுந்துபோய் அவருக்குப் போன் போடுங்கள். முகாமுக்குப் போகவர எப்படியும் பன்னிரண்டு நாள் ஆகும். இந்தத் தீபாவளி லீவை அவருக்குக் கொடுங்கள். இகத்புரிக்கு அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம்.